அந்த நாடகத்தில் தறி கிடையாது

போன வாரம் நம் பழைய பில்டிங்காரர்களின் போன் குழுவில் நீங்கள் எல்லோரும் போட்ட சண்டையை ஒன்று விடாமல் வாசித்தேன். பேரன் பேத்தி எடுத்தவர்கள் செய்கிற காரியமா அது? யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்து மராட்டி டி.வி. நாடகத்தின் கடைசிப் பகுதியை எங்கிருந்தோ தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டான். அவ்வளவுதான், காலை வணக்கப் பூப்படங்களெல்லாம் நின்று போய், குழு முழுக்க அந்த ஒரே பேச்சு.

அவள் எந்தப் பஸ்ஸில் ஏறினாள்? கேள்வி அதுதான். கடைசிக் காட்சியில் சாயங்கால நேரத்துப் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் பையோடு நிற்கிறாள். ஒரு பஸ் புருஷனுடைய ஊருக்குப் போகிறது. இன்னொன்று அவள் டீச்சர் வேலை பார்க்கிற மலைக் கிராமத்துக்குப் போகிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. குறுக்கே ஒரு மாட்டு வண்டி போகிறது. வண்டி நகர்ந்த பிறகு பார்த்தால் அவளைக் காணோம். இரண்டு பஸ்ஸும் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பிப் போய்விடுகின்றன. காலி ஸ்டாண்டைக் காட்டி முடித்துவிட்டார்கள். ஒரு வசனம் கிடையாது.

சாகணில் வண்டி செய்கிற கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற நம் மூன்றாம் மாடிக்காரர், முதல் பஸ் கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்து அது மேட்டில் ஏறுகிறது, ஆகையால் மலைக்குத்தான் போகிறது என்று சாதிக்கிறார். சரி ஐயா, பஸ் மலைக்கே போகட்டும். அவள் அதில் இருக்கிறாள் என்று கியர் வந்து சொல்லுமா? கனடாவில் இருக்கிற முதல் மாடிக்காரி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இரண்டாவது பஸ் ஜன்னலில் தெரிகிற புள்ளிதான் அவள் புடவைத் தலைப்பு என்கிறாள். எனக்கு அது புள்ளியாகத்தான் தெரிந்தது.

இந்தச் சண்டை புதிது இல்லை. நாடகம் முடிந்த மறுநாளே நம் மொட்டை மாடியில் இது நடந்தது. நீங்கள் எல்லோரும் கீழே விளையாடிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்தக் கோடையில் மஞ்சள் காமாலை. கரும்புச் சாறும் உப்பில்லாச் சோறுமாகப் பெரியவர்களின் காலடியிலேயே கிடந்தேன். அதனால் எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்பதும் தெரியும். வாசிக்கத் தெரிந்த யாரையாவது பிடித்து உட்காரவைத்துக் கேளுங்கள்.

ஆளந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, கிர்ணி என்று நாம் சொல்லும் மாவு மில்லைத் தாண்டினால் நம் பில்டிங். இப்போது அந்த இடத்தில் கண்ணாடி பதித்த பெரிய கட்டடம் நிற்கிறது. போன வருடம் விஷ்ராந்த்வாடி பக்கம் போனபோது சும்மா எட்டிப் பார்க்கலாமென்று நின்றேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேன் கேட்டான். யாரென்று சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

தரைத் தளத்தில் காக்கூ இருந்தார். மராட்டியில் காக்கூ என்றால் சித்தி, நம் எல்லோருக்கும் அவர் காக்கூதான். பில்டிங்கிலேயே டி.வி. அவர் வீட்டில் மட்டும்தான். மரக் கதவு வைத்த டி.வி. பார்த்து முடித்ததும் இரண்டு பக்கக் கதவையும் இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். மேலே அவர் கையால் பின்னிய வெள்ளை வலைத்துணி கிடக்கும். அந்த டி.வி. கடைசியில் எங்கே போயிற்று என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

நாடகம் வியாழக்கிழமை சாயங்காலம். காக்கூ வீட்டுக் கறுப்புக் கல் தரை எந்த வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். மராட்டிப் பெண்கள் சோபாவிலும் கட்டிலிலும் உட்காருவார்கள். நம் தமிழ்ப் பெண்கள் சமையலறை வாசல் பக்கமாகச் சுவரோரம் தரையில். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, தானாக அமைந்துவிட்டது. நம் அம்மாக்களுக்கு மராட்டி என்றால் காய்கறிக்காரியிடம் விலை கேட்கிற அளவுதான். நமக்குத் தெரியும், ஆனால் நாம் டைட்டில் பாட்டு முடிந்ததும் வெளியே ஓடிவிடுவோம். அவ்வளவு மெதுவான நாடகம். அதில் ஒருவர் தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நமக்கு ஒரு ஆட்டம் முடிந்துவிடும்.

ஆகவே சுவர்ப் பக்கத்தின் நடுவில் உட்கார்ந்து தமிழில் கதை சொல்கிற வேலை என் பெரியம்மாவுக்கு வந்தது.

பெரியம்மா அம்மாவின் சொந்த அக்கா. எங்கள் பூர்வீகம் பவானிப் பக்கம், நெசவுக் குடும்பம். பெரியப்பா கல்யாணம் ஆன கையோடு, இங்கே மராட்டிப் பக்கம் தறிகளுக்குப் பேர்போன இசல்கரஞ்சிக்கு வந்து, சொந்தமாக விசைத்தறி போட்டு, அங்கேயே நிலைத்துவிட்டார். வீட்டின் முன் பாதியில் தறி, பின் பாதியில் குடித்தனம். பெரியம்மாவுக்கு மராட்டி தண்ணீர் பட்ட பாடு. குழந்தை இல்லை. அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒரு தோல் பையோடு வந்து இறங்கினார். ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், கோடை வந்தும் போகவில்லை. எங்கள் வீடு இரண்டே அறை என்று உங்களுக்குத் தெரியும்.

போக அவருக்கு மனசில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஏன் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. அம்மா கேட்டால் "எனக்கு அங்க புடிக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்.

"உங்க மாமா எத்தன நல்ல மனுசன்" என்பார் அப்பா. "அதிர்ந்து ஒரு வார்த்த பேசிக் கேட்டிருக்கறயா? உங்கக்காவுக்கு அங்க என்ன கொறை?"

"அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே ரோசம் சாஸ்திங்க" என்பார் அம்மா. "சொந்தத் தறி ஓடற ஊட்டை உட்டுப்போட்டு இங்க வந்து ஸ்டவ்வுக்குச் சீமெண்ணெய் ஊத்தறா. என்னத்தச் சொல்ல?"

அம்மாவின் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்று இப்போது படுகிறது. அக்காவுக்குக் கிடைத்த வாழ்வு தனக்குக் கிடைக்கவில்லை, அவளோ அதைக் காலால் தள்ளுகிறாள் என்கிற எரிச்சல். கடைசியில் அப்பாவே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பெரியப்பாவிடம் பேசி, மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பெரியம்மா அதைக் கேட்டு, சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அழுகையாக வந்தது. எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர்தான்.

நாடகத்துக்கு வருகிறேன். பெரியம்மா சத்தம் போடாமல், கண்ணை டி.வி.யை விட்டு எடுக்காமல், உதடு அசைவது தெரியாமல் சொல்வார். "மாமியாக்காரி, சோறு வெந்துச்சான்னு கேக்கறா. இவ, வெந்துருச்சுங்கறா." இப்படி. அதில் அடிக்கடி ஒரு காட்சி வரும். புருஷன் மெதுவாக எழுந்து வந்து அறைக் கதவைச் சாத்துவான். உள்ளே அவனும் அவளும். காமிரா வெளியே நின்று சாத்திய கதவையே காட்டிக்கொண்டிருக்கும். வசனமே இருக்காது. பெரியம்மா அப்போதுதான் நிறையப் பேசுவார்.

"இப்ப அடிக்கறான். மூஞ்சியில அடிக்க மாட்டான், நாலு பேருக்குத் தெரிஞ்சு போயிரும். முதுவுலதான். தறி ஓடறப்பப் பாத்துத்தான் அடிப்பான், சத்தம் ஆருக்கும் கேக்காது. அப்பறம் மொகங்கழுவிப்போட்டு வெளிய வந்து, எல்லாத்தையும் வாங்க போங்கன்னு மொள்ளப் பேசுவான்."

சுவர்ப் பக்கம் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். எங்களுக்கு மேல் வீட்டில் இருந்த மதுரை அத்தை, அதுதான் பட்டாளத்துக்காரர் மனைவி, டி.வி.யைப் பார்த்தே திட்டுவார். "வெளங்குவியாடா நீயி? ஒன்னையெல்லாம் பெத்தாளே ஒருத்தி." எல்லோரையும் விட அதிகமாக அழுதது என் அம்மா. "பாவிப் பையன், இவனெல்லாம் நல்லா இருப்பானா" என்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொள்வார். கட்டில் பக்கத்திலும் காக்கூவும் மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு கதைக்கு அழுகிறார்கள் என்று யார் கண்டார்கள்?

எனக்கு இரண்டும் காதில் விழும். டி.வி.யில் சொல்லாததையும் பெரியம்மா சொல்கிறார் என்பது தெரிந்துதான் இருந்தது. யாரும் பேசாத இடத்திலும் பெரியவர்களுக்கு ஏதோ கேட்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வியாழக்கிழமை காக்கூ வீட்டில் நிற்க இடமில்லை. காக்கூ எல்லோருக்கும் கோக்கம் சர்பத் கொடுத்தார், எனக்கு மட்டும் கரும்புச் சாறு. பஸ் ஸ்டாண்ட் வந்தது, மாட்டு வண்டி போனது, பஸ்கள் போயின, எழுத்து ஓடியது. கட்டில் பக்கத்தில் ஒரே கூச்சல். சுவர்ப் பக்கத்தில் எல்லோரும் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த பஸ்ஸுல ஏறுனா அக்கா?" என்று அம்மா கேட்டார்.

பெரியம்மா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் விளம்பரம் வந்துவிட்டது. "தெரியல அம்மிணி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சர்பத் டம்ளர் தொடாமல் அப்படியே இருந்தது. மதுரை அத்தைக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆறு மாதமாகக் கதவுக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் சொன்னவருக்குக் கண்ணெதிரே நடந்தது எப்படித் தெரியாமல் போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் காக்கூ குர்டயி பிழிந்தார். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, காய்ச்சி, இடியாப்பம் போலப் பிழிந்து காயவைக்கிற வடகம். கோதுமை புளித்த அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. அந்த வேலைக்குப் பில்டிங்கே போய் உதவும். காக்கூ பிழிய, மதுரை அத்தை பழைய புடவையை விரிக்க, அம்மா பாத்திரத்தைக் கிளற, நான் காக்காய் விரட்டினேன். பெரியம்மா கோதுமை அரைக்கக் கிர்ணிக்குப் போயிருந்தார்.

காக்கூவின் இந்தியும் மதுரை அத்தையின் இந்தியும் ஒன்றுக்கொன்று புரியாது. நான்தான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொன்னேன்.

அவள் புருஷனிடம்தான் திரும்பியிருப்பாள் என்றார் காக்கூ. சொன்னேன்.

"போவாளா? எந்தப் பொம்பளயாச்சும் போவாளா?" என்றார் மதுரை அத்தை. "இந்தத் தடவ அடிச்சே கொன்னுப்புடுவான்."

அதையும் சொன்னேன். காக்கூ பிழிவதை நிறுத்தினார். யார் அடிப்பது என்று கேட்டார். புருஷன்தான் என்றேன். அவன் எப்போது அடித்தான், அந்த மனுஷன் ஈ எறும்பைக் கூட அடிக்க மாட்டானே என்றார்.

"எப்பவா? கதவச் சாத்திக்கிட்டு வாராவாரம் அடிச்சானே, நீங்களும்தானே பாத்தீக? தறிச் சத்தத்துல வெளிய கேக்காதுன்னு, தறி ஓடுறப்பப் பாத்து அடிப்பான்ல?"

நான் சொல்லி முடித்ததும் காக்கூ என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜுரம் அடிக்கிறதா என்று என் நெற்றியைக் கூடத் தொட்டார். "கஸ்லா மாக்?" என்றார். எந்தத் தறி? அவன் போஸ்ட் மாஸ்டர் இல்லையா? அந்த வீட்டில் தறி எங்கே இருக்கிறது?

பிறகு அவர் பொறுமையாகக் கதையைச் சொன்னார். அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே குழந்தை, அது காய்ச்சலில் செத்துப் போகிறது. அதன் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பெண்டாட்டிக்கு அழுகை வரும்போதெல்லாம், தன் தாயார் காதில் விழுந்து மருமகளை ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறான். அவ்வளவுதான். அந்த மௌனம் தாங்காமல்தான் அவள் வேலை தேடிக்கொண்டு போகிறாள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, மதுரை அத்தையின் வாய் திறந்தபடி இருந்தது.

"அப்ப ஆறு மாசமா நம்மள ஏமாத்திப்புட்டாகளா?" என்றார். "இவுகளுக்கு மராட்டியே தெரியாது போல. தறி பின்கட்டுல கெடக்கும்னு நம்பி நானும் உக்காந்து உக்காந்து அழுதேன் பாரு."

அதை நான் சொன்னதும் காக்கூ சிரித்துவிட்டார். அவளுக்கா மராட்டி தெரியாது, என்னை விட நன்றாகப் பேசுவாளே என்றார். கல்யாண வீட்டில் பாடுகிற பழைய பாட்டுகளைக் கூடத் தனக்கு அவள்தான் எடுத்துக் கொடுத்தாள் என்றார்.

அம்மாவின் கரண்டி பாத்திரத்தில் அப்படியே நின்றிருந்தது. அடி பிடிக்கிற நாற்றம் வந்த பிறகுதான் காக்கூ திரும்பிப் பார்த்தார். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, செருப்பைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் அந்தக் கொதிக்கிற தரையில் நடந்து படி இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பெரியம்மா மாவு டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். புருவத்திலும் முன் மயிரிலும் மாவு. அம்மா சமையலறை வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அந்தக் கதையில தறி எங்கிருந்து வந்துச்சு?"

பெரியம்மா டப்பாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அதன் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நாந்தான் கொண்டாந்தேன்" என்றார்.

அம்மா உட்கார்ந்துவிட்டார். "எத்தன காலமா?"

"தறி போட்டதுல இருந்து."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னனே" என்றார் பெரியம்மா. கோபமாகக் கூடச் சொல்லவில்லை. "வாரா வாரம் சொன்னனே அம்மிணி. நீயும் பக்கத்துல உக்காந்து அழுதே. அழுதுபோட்டு, ஊட்டுக்கு வந்து, எப்ப அக்கா கெளம்பறேன்னு கேப்பே."

அம்மா அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரியம்மா அழவில்லை. பெரியம்மாதான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். அம்மாவின் ரவிக்கையெல்லாம் மாவுக் கை பதிந்தது. "உடு. ஞாயித்துக்கெளம போயிருவேன். இந்த ரெண்டு ரூம்பு ஊட்டுல எத்தன நாளைக்கு நானும் உனக்குப் பாரமா இருப்பேன்?" என்றார். அவர் போவதென்று முடிவு செய்துவிட்டார். தோல் பை ஏற்கெனவே கட்டி, கட்டிலுக்கு அடியில் இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அப்பா நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்த பெரியப்பா வேறு. "டி.வி. நாடகத்த வெச்சு ஒரு குடும்பத்தப் பிரிப்பாங்களா? அந்த மனுசன் வரட்டும், நேருல கேட்டுக்கலாம்" என்றார். "நேருல கேட்டா ஆமான்னு சொல்லுவாரா?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் பேடா டப்பா. எனக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டு ஒரு பை நிறைய மோசம்பியும், அதுதான் சாத்துக்குடி, வாங்கி வந்திருந்தார். அவர் பேசுவது காதில் விழ வேண்டுமானால் நாம் முன்னால் குனிய வேண்டும், அவ்வளவு மெதுவாகப் பேசுவார். அப்பா நாற்காலியைப் போட்டார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வெளியே போனார்.

திரும்பி வரும்போது கூட மதுரை அத்தை, காக்கூ, பில்டிங்கில் நாடகம் பார்த்த மற்றத் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வந்து, சுவரோரம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். காக்கூவுக்கு மட்டும் அம்மா ஸ்டூல் போட்டார். அந்த அறையில் அதற்கு மேல் ஒரு ஆள் கொள்ளாது. அப்பா விழித்தார்.

"ஊட்டு விசயம் பேசோணும்" என்றார் பெரியப்பா மெதுவாக. "இவங்கெல்லாம் ஆருங்க?"

"நம்மூட்டு ஆளுங்கதான் மாமா. எல்லாத்துக்கும் எல்லாம் தெரியும்" என்றார் அம்மா.

"ஆமாய்யா" என்றார் மதுரை அத்தை. "ஆறு மாசமா வாராவாரம் ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்."

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார். அந்த நேரம் பெரியம்மா உள்ளிருந்து வந்தார். புடவை மாற்றி, தலை சீவி, கையில் தோல் பையோடு, போகத் தயாராக. யாருடைய முகத்தையும் பார்க்காமல் சுவரோரம் நின்றார்.

காக்கூ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மராட்டியில், விருந்தாளியிடம் பேசுகிற அதே மரியாதையோடு கேட்டார். உங்கள் வீட்டில் தறி ஓடுகிறதாமே?

பெரியப்பாவுக்குச் சந்தோஷம். ஆமாம், ஏழு தறி, சொந்தத் தறி என்றார்.

நிறையச் சத்தம் இருக்குமோ?

அதை ஏன் கேட்கிறீர்கள் என்றார் பெரியப்பா. பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது.

சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் அந்த வரிசையை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாடகத்தில் கதவு சாத்துகிற இடத்தில் பார்ப்பதைப் போல. அவருக்குக் கழுத்து வரை சிவந்தது. கையில் இருந்த தண்ணீர் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

"கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் பெரியப்பா, பெரியம்மாவிடம். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

பெரியம்மா ஒரு அடி எடுத்து வைத்தார். அம்மா எழுந்து நடுவில் போய் நின்று அந்தத் தோல் பையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா வரலைங்க மாமா."

பெரியம்மா பையை விடவில்லை. அம்மாவும் விடவில்லை. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் போல ஆளுக்கொரு பைக் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா தன் கையை எடுத்துவிட்டு, "நான் வரலீங்க" என்றார். பெரியப்பாவுக்கு அது கேட்டிருக்குமா என்று தெரியாது, அவ்வளவு சின்னக் குரல்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்கண்ணா, ஸ்டாப்பு வரைக்கும் நான் வர்றேன்" என்றார். போய் வந்து, என்ன பேசினார்கள் என்று சாகும் வரை அவர் சொல்லவில்லை. அந்தப் பேடாவை யாரும் தொடவில்லை. மோசம்பியை மட்டும், மருந்துக்கு என்ன கோபம் என்று, மதுரை அத்தை எனக்குப் பிழிந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு பெரியம்மா நம் பில்டிங்கிலேயே இருந்தது உங்களுக்குத் தெரியும். காக்கூ சொல்லி, பக்கத்துப் பாலர் பள்ளியில் வேலைக்குப் போனார். உங்கள் பிள்ளைகள் சிலருக்கு மராட்டி எழுத்துப் பழக்கிவிட்டதே அவர்தான். இனி நாடகம் பார்த்தால் உள்ளது உள்ளபடிதான் சொல்ல வேண்டும் என்று மதுரை அத்தை அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் போஸ்ட் மாஸ்டராக நடித்த அப்பாவி நடிகரை மட்டும் மதுரை அத்தை கடைசி வரை மன்னிக்கவில்லை. அவர் பல்பொடி விளம்பரத்தில் வந்தால் கூட எழுந்து போய்விடுவார்.

இப்போது பெரியம்மா வானவடியில் என்னோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது, உங்களில் பலர் வந்திருந்தீர்கள். நீங்கள் குழுவில் அடித்துக்கொண்ட மறுநாள் மத்தியானம், அந்தக் கடைசிப் பகுதியைப் பெரியம்மாவிடம் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தார். காக்கூ கொடுத்த சர்பத்தைப் பற்றி ஏதோ சொன்னார். மாட்டு வண்டி போனது. பஸ்கள் போயின.

"இப்பவாச்சும் சொல்லுங்க பெரியம்மா, எந்த பஸ்ஸுல ஏறுனா?" என்று கேட்டேன். அவர் மலைக் கிராமத்துப் பஸ் என்றுதான் சொல்வார், அதை அப்படியே குழுவில் போட்டு உங்கள் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

"புருசன் ஊட்டுக்குத்தான் போனா" என்றார்.

"என்ன பெரியம்மா, நீங்களே இப்பிடிச் சொல்றீங்க?"

"அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்கம்மா பக்கத்துல உக்காந்து கேக்கறப்ப எப்பிடிச் சொல்றது? தெரியலைன்னு சொல்லிப்போட்டேன்."

"அவளுக்குத்தான் வேலை இருந்துச்சே, சம்பளம் இருந்துச்சே. எதுக்குத் திரும்பிப் போவோணும்?"

பெரியம்மா போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"வேலை இருந்துச்சு கண்ணு. கூடப் பொறந்தவ இல்லியே."